சைக்கிளுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் விளக்கு

கேள்வி: அண்ணாச்சி, நாங்கள் தாராவி 90 அடி ரோட்டுப் பையன்கள். அப்பாக்கள் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர்கள். நாங்கள் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் ஓட்டுகிறோம். வருகிற ஜனவரி 26 அன்று 30 பேர் தாராவியில் காலை நாலரைக்குக் கிளம்பி, சயான், செம்பூர், வாஷி, பன்வேல் வழியாகக் கோபோலி போய், மலையேறி ஷிங்ரோபா கோயிலைத் தொட்டுவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். மாட்டுங்கா, செம்பூர்ப் பிள்ளைகள் வழியில் சேர்ந்துகொள்வார்கள். நண்பனுடைய மாருதி ஈக்கோ பின்னால் வரும். அதன் கூரையில் சிவப்பும் நீலமுமாக மாறி மாறி அடிக்கிற எல்இடி பட்டை வைத்தால் லாரிக்காரர்கள் ஒதுங்கிப் போவார்கள் என்கிறான் ஒருவன். மஞ்சள்தான் வைக்க வேண்டும் என்கிறான் இன்னொருவன். கடையில் இரண்டுமே கிடைக்கிறது. எதை வாங்குவது, எப்படி மாட்டுவது? பேட்டரி தாங்குமா? சைரன் வைக்கலாமா?
(தாராவி வாசகர்)

பதில்: தம்பி, சிவப்பு-நீலம் என்று சொன்ன நண்பருக்கு ஒரு கட்டிங் சாய் வாங்கிக் கொடுத்து, அந்தப் பேச்சை அதோடு முடித்துவிடுங்கள். கடையில் விற்பதால் வண்டியில் மாட்டலாம் என்று அர்த்தமாகாது. பட்டாக்கத்தியும்தான் கடையில் கிடைக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 108-ஆம் விதி இருக்கிறது. வண்டியின் முன்பக்கம் சிவப்பு விளக்கு தெரியக்கூடாது, பின்பக்கம் சிவப்பைத் தவிர வேறு நிறம் தெரியக்கூடாது என்பது அதன் அடிப்படை. இன்டிகேட்டரின் மஞ்சள், ரிவர்ஸ் எடுக்கும்போது எரியும் வெள்ளை, ஆம்புலன்ஸின் ஊதாக் கண்ணாடி போட்ட சிவப்பு என்று சில விலக்குகள் உண்டு. பெரிய மனிதர்களின் சிவப்பு விளக்குக்கும் ஒரு காலத்தில் விலக்கு இருந்தது. 2013 டிசம்பரில் அபய் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை வெகுவாகச் சுருக்கியது. 2017 மே 1 முதல் மத்திய அரசு அடியோடு எடுத்துவிட்டது. பிரதமர் காரிலிருந்தே விளக்கு இறங்கியது. சிவப்பு, நீலம், வெள்ளை கலந்த விளக்கு இப்போது தீயணைப்பு, காவல், ராணுவம், பேரிடர் மீட்பு போன்ற பணிகளுக்கு ஒதுக்கப்பட்ட வண்டிகளுக்கு மட்டும்தான். பிரதமருக்கே இல்லாத விளக்கை நம்முடைய ஈக்கோவில் மாட்டினால் முதல் நாகாபந்திச் சோதனையிலேயே அபராதப் பாவதி கிழிப்பார்கள். அனுமதியில்லாமல் வண்டியை மாற்றினால் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். அபராதத்தைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. பின்னால் வருகிறவன் போலீஸ் என்று நினைத்துச் சடாரென்று பிரேக் போடுவான். அவனுக்குப் பின்னால் வருகிறவன் அவன் மேல் மோதுவான்.

மஞ்சள் மட்டும் சுத்தமா என்றால், அங்கேயும் ஒரு முடிச்சு இருக்கிறது. கூரை மேல் மஞ்சள் விளக்கைப் பற்றி அதே விதி பேசுகிறது. ஆனால் பேசுவது பெரும்பாலும் விமான நிலையம், துறைமுகம் போன்ற வளாகத்துக்குள்ளேயே ஓடி வெளியே வராத வண்டிகளை மனத்தில் வைத்து. ரோடு வேலை செய்யும் வண்டிகளிலும் மஞ்சளைப் பார்க்கிறோம். அதைச் சாக்காக வைத்து, தனியார் கார் நினைத்தபோதெல்லாம் சுழற்றிக்கொண்டு போகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் செய்வது இது: கழற்றி வைக்கக்கூடிய காந்த விளக்கு, போக்குவரத்துப் போலீசிடம் கொடுக்கும் விண்ணப்பத்திலேயே “பின்தொடரும் வண்டியில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு” என்று ஒரு வரி, அனுமதித் தாள் டிரைவர் கையில், நிகழ்ச்சி முடிந்ததும் விளக்கு டிக்கிக்குள். போல்ட் போட்டு நிரந்தரமாகப் பொருத்தவே கூடாது. தாளில் அந்த வரி இல்லையென்றால் விளக்கையே எடுக்காதீர்கள். ஹசார்டு விளக்கும் பின்பக்கப் பலகையும் வைத்துச் சமாளிக்கலாம்.

சட்டம் இருக்கட்டும். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய சொல் “ஒதுங்கிப் போவார்கள்” என்பது. லாரிக்காரரை மிரட்டி ஒதுக்குவது அந்த விளக்கின் வேலை இல்லை. முன்னால் மெதுவாகப் போகிற ஏதோ ஒன்று இருக்கிறது என்று அவருக்கு நேரத்தோடு சொல்வதுதான் வேலை. ஒதுங்குவதா, பின்னாலேயே வருவதா, லேன் மாறுவதா என்பதை அவர் பார்த்துக்கொள்வார். அவருக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது நேரம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சயான்-பன்வேல் நெடுஞ்சாலையில் லாரி 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது, உங்கள் கூட்டம் 20-இல் போகிறது. இடைவெளி நொடிக்குப் 11 மீட்டர் குறைந்துகொண்டே வரும். 50 மீட்டரில்தான் உங்களைப் பார்த்தார் என்றால் கையில் இருப்பது நாலரை நொடி. பார்த்து, புரிந்து, காலை பிரேக்குக்குக் கொண்டுபோவதற்கே ஒன்றரை நொடி போய்விடும். 200 மீட்டரில் பார்த்தால் 18 நொடி. சாவகாசமாகக் கண்ணாடி பார்த்து, இன்டிகேட்டர் போட்டு, வலப்பக்கம் நகர்ந்துவிடுவார். நீங்கள் காசு கொடுத்து வாங்குவது இந்தப் பதிமூன்று நொடியைத்தான்.

அந்தப் பதிமூன்று நொடியைச் சுழல்விளக்கு மட்டுமே வாங்கித் தராது. சிமிட்டுகிற விளக்கு கண்ணை இழுக்கும், உண்மை. ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எந்தத் திசையில் நகர்கிறது என்று கணிக்க நிலையாக எரிகிற விளக்கு வேண்டும். எரிந்து அணைந்து எரிகிற ஒற்றைப் புள்ளியை வைத்துத் தூரத்தைக் கணிப்பது கஷ்டம். தூக்கக் கலக்கத்தில் ஓட்டுகிறவர் கண் எங்கே நிலைக்கிறதோ அங்கேயே ஸ்டியரிங்கும் திரும்புவதுண்டு. அதனால் என் வரிசை எப்போதும் இப்படி: வண்டியின் பின்விளக்கு இரண்டும் துடைத்துச் சுத்தமாக, நிலையாக எரிய வேண்டும். அடுத்து ஒளி திருப்பும் பட்டை ஒட்டிய பெரிய பலகை. அப்புறம் ஹசார்டு. கடைசியில்தான் கூரை விளக்கு.

பலகையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் இதில்தான் கஞ்சத்தனம் பிடிக்கிறார்கள். விளக்குக்கு நாலாயிரம் செலவழிப்பார்கள். பலகையை அட்டைப்பெட்டியைக் கிழித்து ஸ்கெட்ச் பேனாவால் எழுதுவார்கள். எழுத்து ஓர் அங்குல உயரம் இருந்தால் பத்து மீட்டரிலிருந்து படிக்கலாம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். 80 மீட்டரில் படிக்க எட்டு அங்குல எழுத்து வேண்டும். அந்த அளவில் ஈக்கோவின் பின்கதவில் இரண்டு மூன்று சொல்தான் பிடிக்கும். உங்கள் குழுவின் பெயர், குடியரசு தின வாழ்த்து, ஸ்பான்சர் கொடுத்த அண்ணாச்சி கடையின் போன் நம்பர் எதற்கும் அங்கே இடமில்லை. மராத்தியில் “புடே சாய்க்கல்ஸ்வார், சாவ்காஷ்” (முன்னால் சைக்கிள்காரர்கள், மெதுவாக) என்று தேவநாகரியில் எழுதி, பக்கத்தில் ஒரு சைக்கிள் படம் போதும். தமிழிலும் எழுதலாமே என்று கேட்பீர்கள். நாமக்கல் லாரி வந்தால் படிப்பார்; அவருக்கும் சைக்கிள் படம் புரியும். சுற்றி ஓரத்தில் சிவப்பு ஒளி திருப்பும் பட்டை ஒட்டுங்கள். லாரிகளில் பின்பக்கம் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள் என்று ஒட்டியிருக்கிறதே, அதேதான். நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் மறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் ஸ்டாண்டு வைத்து சைக்கிளைத் தொங்கவிடுகிற வண்டிகள் பாதிக்கு மேல் இரண்டையும் மறைத்துக்கொண்டுதான் ஓடுகின்றன.

ஹசார்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நாலு இன்டிகேட்டரும் ஒன்றாக அடிக்கும்போது நீங்கள் லேன் மாறுவது யாருக்கும் தெரியாது. திரும்புவதற்கு முன் ஹசார்டை அணைத்து இன்டிகேட்டர் போட்டு, திரும்பிய பிறகு மறுபடி ஹசார்டு. டிரைவருக்கு இது கைப்பழக்கமாக வேண்டும். முதல் நாளே பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸ் காலி ரோட்டில் இருபது தடவை பழகச் சொல்லுங்கள்.

இப்போது விளக்குக்கு வருவோம். பழைய பாணியில் கண்ணாடி சுழலும் ஹாலஜன் விளக்கு 55 வாட் இழுக்கும்; 12 வோல்ட்டில் நாலரை ஆம்பியருக்கு மேல். எல்இடி வாங்குங்கள், 10 முதல் 20 வாட்டுக்குள் முடியும். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் வாட்டை நம்பாமல் கடையிலேயே மீட்டர் வைத்து ஆம்பியர் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு ஆம்பியர் என்றால் ஏறக்குறைய 12 வாட். ஐரோப்பாவில் இந்த விளக்குகளுக்கு ஆர்65 என்று ஒரு தரம் உண்டு. நொடிக்கு இரண்டு முதல் நாலு தடவை அடிக்க வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. அந்த முத்திரை உண்மையாக இருந்தால் நல்லது. பதினெட்டு விதமாகச் சிமிட்டும் என்று கடைக்காரர் பெருமையாகக் காட்டுவார். நமக்கு ஒரே விதம் போதும், இருப்பதிலேயே மெதுவானது. படபடவென்று வேகமாக அடிப்பது கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவுக்குச் சரி. சிலருக்கு அது வலிப்பைத் தூண்டும் என்பதும் தெரிந்த விஷயம். தூசு, தண்ணீர் புகாத ஐபி65 முத்திரையும் பாருங்கள். ஜனவரியில் மழை இல்லை. ஆனால் இதே விளக்கை ஜூலையில் லோனாவ்லாவுக்கு எடுத்துப் போகாமல் இருக்கப் போகிறீர்களா?

எங்கே வாங்குவது என்றால், லாமிங்டன் ரோட்டில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் கிடைக்கும். குர்லா சிஎஸ்டி ரோட்டில் வண்டிச் சாமான் எல்லாம் கிடைக்கும், ஆனால் எது புதிது எது பழையது என்று பார்த்து வாங்கத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தெரிந்தவரை அழைத்துப் போங்கள்.

மாட்டும் இடம் கூரையின் பின்பாதி. முன்னால் வைத்தால் விளக்கின் ஒளி பானெட்டிலும் கண்ணாடியிலும் பட்டு டிரைவர் கண்ணைக் கெடுக்கும். அதைவிட முக்கியம், முன்னால் போகிற சைக்கிள்காரர்கள். ஒருமுறை ஒரு ராத்திரிப் பயணத்தில் நான்தான் பின்வண்டி ஓட்டினேன். கூரை நடுவில் நல்ல வெளிச்சமான விளக்காக வைத்திருந்தேன். எனக்குப் பெருமை வேறு. விடிந்ததும் ஒரு பையன் வந்து, “உங்க விளக்கு அடிக்கிறப்ப எங்க நிழல் ரோட்டுல குதிக்குது அண்ணே, எது பள்ளம் எது நிழல்னே தெரியல” என்றான். அன்றிலிருந்து விளக்கின் முன்பாதியில் கறுப்பு டேப் ஒட்டிவிடுகிறேன். பின்னால் வருகிறவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். நம் ரோட்டில் பள்ளத்துக்குப் பஞ்சமா, நிழல் பள்ளம் வேறு எதற்கு?

காந்தம் ஒட்டும் இடம் தட்டையான இரும்பாக இருக்க வேண்டும். ஈக்கோவின் கூரையைக் கையால் தடவிப் பாருங்கள். வரிவரியாக மேடு இருக்கும் இடத்தில் காந்தம் பாதிதான் ஒட்டும். அப்படியானால் கேரியர் போட்டு அதில் தகடு வைத்து ஒட்டுங்கள். எப்படி ஒட்டினாலும் ஒரு நைலான் கயிற்றால் கேரியரோடு கட்டிவிடுங்கள். திரும்பி வரும்போது எண்பதில் ஓட்டினால் காற்றே பிடுங்கிப் போட்டுவிடும். பின்னால் வருகிறவன் கண்ணாடியில் விழுந்தால் அதற்கு எந்த அனுமதித் தாளும் உதவாது.

வயரிங்கில் அதிக வேலை இல்லை. சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து எடுத்தாலே போதும்; ஆனால் விளக்கின் வயரில் சொந்தமாக ஒரு 3 ஆம்பியர் ஃப்யூஸ் இருக்கட்டும். சாக்கெட்டின் ஃப்யூஸ் பெரும்பாலும் பத்து, பதினைந்து ஆம்பியர். உங்கள் மெல்லிய வயர் எரிந்து முடிந்த பிறகுதான் அது போகும். ஈக்கோவின் தள்ளுகதவு வழியாக வயரை விடாதீர்கள், நாலாவது தடவை திறந்து மூடும்போது நசுங்கும். பின்கதவின் ரப்பர் ஓரமாக விடுங்கள். வண்டி சிஎன்ஜி என்று நினைக்கிறேன், மும்பையில் பெரும்பாலும் அப்படித்தானே. சிலிண்டரும் அதன் குழாயும் இருக்கும் பக்கம் எந்த வயரையும் வெட்டி ஒட்டி முறுக்காதீர்கள். வண்டியின் ஒரிஜினல் வயரிங்கில் கை வைக்கவே தேவையில்லை. பின்விளக்கு வயரைச் சுரண்டி அதிலிருந்து கரண்ட் எடுக்கலாம் என்று சொல்லும் எலக்ட்ரீஷியனிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பேட்டரி தாங்குமா என்று கேட்டீர்கள். எஞ்சின் ஓடும்போது எல்இடி இழுப்பது ஒரு பொருட்டே இல்லை. கெடுவது நிறுத்தி வைக்கும்போதுதான். ஹசார்டில் நாலு பல்பும் தலா 21 வாட். பாதி நேரம் அணைந்திருந்தாலும் சராசரி மூன்றரை ஆம்பியர் போகும். டீக்கடையில் எஞ்சினை அணைத்து ஹசார்டை மட்டும் மூன்று மணி நேரம் ஓடவிட்டால் பத்து ஆம்பியர்-மணி காலி. சின்ன பேட்டரி, அதுவும் மூன்று வருடம் பழசென்றால் அப்புறம் முப்பது பேர் சேர்ந்து தள்ளத்தான் வேண்டும். உங்களிடம் முப்பது பேர் இருக்கிறார்கள், அது வேறு விஷயம். நிறுத்தினால் வண்டியை ரோட்டைவிட்டு முழுசாக இறக்கி, எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் ஐம்பது மீட்டராவது தள்ளி வையுங்கள். புது வண்டியோடு கொடுத்த அந்த முக்கோணம் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கும், தேடிப் பாருங்கள்.

பேட்டரியைவிட கிளட்ச்சுக்குத்தான் பயப்பட வேண்டும். 18 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று மணி நேரம் ஓட்டுவது ஈக்கோவுக்குத் தண்டனை. அரைக் கிளட்ச்சில் ஊர்ந்தால் பன்வேலிலேயே கருகிய வாடை வரும். இரண்டாவது கியர், காலைக் கிளட்ச்சிலிருந்து முழுசாக எடுத்துவிட்டு, சைக்கிள்காரர்களுக்கும் வண்டிக்கும் இடையே இருபது முப்பது மீட்டர் விட்டு ஓட்ட வேண்டும். முன்னால் ஒருவன் விழுந்தால் வண்டி அவன் மேல் ஏறாமல் இருக்கவும் அந்த இடைவெளிதான். சூடு முள்ளை அடிக்கடி பார்க்கச் சொல்லுங்கள். டிரைவர் முந்தின இரவு முழுசாகத் தூங்கியிருக்க வேண்டும். மணிக்கணக்கில் ரோட்டையும் சைக்கிளையும் பார்த்துக்கொண்டே ஊர்வது எவ்வளவு தூக்கத்தை வரவழைக்கும் என்று ஓட்டினவனுக்குத்தான் தெரியும்.

இனி ஒரு விஷயம், உங்களுக்குப் பிடிக்காது. தாராவியிலிருந்து மான்கூர்டு வரை பின்வண்டியே வேண்டாம். நகரத்துக்குள் இடது லேனில் 18-இல் ஊர்கிற காரைப் பார்த்தால் பெஸ்ட் பஸ், டாக்சி, டெம்போ எல்லாம் அதைச் சுற்றி வெட்டிக்கொண்டு போகும். வெட்டிப் போனதும் நேரே உங்கள் சைக்கிள் கூட்டத்துக்குள்தான் நுழையும். கவசம் என்று நினைத்த வண்டியே ஆபத்தைக் கொண்டுவந்து விடும். நகரத்துக்குள் பின்வண்டி முந்திப் போய் நிற்கட்டும்: முதலில் சயான் சர்க்கிள் தாண்டி, அடுத்து செம்பூரில், அப்புறம் மான்கூர்டில். கடைசி ஆள் கடந்ததும் அடுத்த இடத்துக்குப் போகட்டும். வாஷிப் பாலத்தில் ஏறியதிலிருந்து பன்வேல் வரை, வெளிச்சம் வரும்வரை, அங்கேதான் ஒட்டிப் பின்தொடர்வதற்கு அர்த்தம் இருக்கிறது. ஜனவரி கடைசியில் இங்கே சூரியன் உதிக்க ஏழேகால் ஆகும். நாலரைக்குக் கிளம்பினால் வாஷி, பேலாப்பூர், கார்கர், கலம்போலி எல்லாம் இருட்டில்தான். பன்வேலை ஒட்டிப் பனியும் இறங்கும்.

கோபோலிக்கு மேலே மலையேறும்போது கூட்டம் கூட்டமாகவே இருக்காது. கால் பலம் உள்ளவன் ஷிங்ரோபாவில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருப்பான். கடைசி ஆள் கோபோலி ஊருக்குள்ளேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டிருப்பான். வண்டி கடைசி ஆளுக்குப் பின்னால் மட்டும்தான் போக வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் டூர் தெ பிரான்சில் 1910-லேயே இப்படி ஒரு வண்டி விட்டார்கள். முடியாதவர்களை வாரிக்கொண்டு வருவதால் அதற்குத் துடைப்ப வண்டி என்றே பெயர். கொஞ்ச காலம் அதில் நிஜத் துடைப்பத்தையே கட்டியிருந்தார்கள். உங்கள் ஈக்கோவிலும் ஒரு ஈர்க்குச்சித் துடைப்பத்தைக் கட்டிவிடுங்கள், அதற்கு ஆர்டிஓ அனுமதி தேவையில்லை. ஷிங்ரோபா கோயிலைத் தாண்டிப் போக வேண்டாம். மேலே பழைய மும்பை-புனே சாலையும் எக்ஸ்பிரஸ்வேயும் கலக்கிற இடம் வரும். எக்ஸ்பிரஸ்வேயில் சைக்கிளுக்கும் பைக்குக்கும் அனுமதி இல்லை.

ஒட்டிப் பின்தொடர்வது என்பதை ஒரு கலையாகவே செய்கிற போட்டிகள் உண்டு. அமெரிக்காவை மேற்கிலிருந்து கிழக்காகக் கடக்கும் ‘ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா’வில் ராத்திரி முழுக்கப் பின்வண்டியின் முன்விளக்கு வெளிச்சத்துக்குள்தான் வீரர் ஓட்ட வேண்டும். கூரையில் மஞ்சள் விளக்கும், பின்னால் மெதுவண்டி முக்கோணமும் கட்டாயம். நாசிக்கைச் சேர்ந்த டாக்டர் சகோதரர்கள் ஹிதேந்திர மகாஜனும் மகேந்திர மகாஜனும் 2015-இல் இருவர் அணியாக அதை முடித்தார்கள். 2017-இல் ஸ்ரீநிவாஸ் கோகுல்நாத் தனியாளாக முடித்தார். அதே வருடம் நாக்பூர் டாக்டர் அமித் சமர்த்தும் முடித்தார். அதற்குத் தகுதிப் போட்டியாக நம் மாநிலத்துப் புனேயிலிருந்து கோவா வரை 600 கிலோமீட்டருக்கு மேல் டெக்கான் கிளிஃப்ஹேங்கர் நடக்கிறது. பின்வண்டி வேலை கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் அதில் யாருக்காவது உதவியாளாக ஒருமுறை போய்வாருங்கள். ஒரு ராத்திரியில் கற்றுக்கொள்வதை நான் பத்துக் கடிதத்தில் எழுத முடியாது.

அனுமதிக்கு அலைய வேண்டியது மூன்று இடம். மான்கூர்டு வரை மும்பை போலீஸ், வாஷியிலிருந்து பன்வேல் வரை நவி மும்பை போலீஸ், கோபோலி ராய்கட் மாவட்டப் போலீஸ். ஒருவர் கொடுத்த தாள் அடுத்தவர் எல்லையில் செல்லாது. அதுவும் ஜனவரி 26! அன்று சிவாஜி பார்க்கில் அணிவகுப்பு, போலீஸ் எல்லாம் பந்தோபஸ்தில். உங்கள் விண்ணப்பத்தைக் கையில் வாங்கக்கூட ஆள் இருக்காது. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுங்கள். கொடியேற்றம் 90 அடி ரோட்டிலேயே நடக்கட்டும்.

சைரன் கூடாது. பலகுரல் ஹாரனை விதிகள் ஆம்புலன்ஸ், தீயணைப்பு போன்றவற்றுக்குத்தான் விட்டிருக்கின்றன. மைக் செட்டும் வேண்டாம். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-இலிருந்து சட்டம். நீங்கள் செம்பூரைத் தாண்டும்போது மணி ஐந்துகூட ஆகியிருக்காது. ஒரு நல்ல விசில் வாங்கி முன்னால் போகிற சைக்கிள்காரரிடம் கொடுங்கள்.

இவ்வளவையும் செய்ய முடியாவிட்டால் ஒன்றை மட்டும் செய்யுங்கள். முப்பது சைக்கிளிலும் பின்னால் சிவப்பு விளக்கு, சிமிட்டாமல் நிலையாக எரிவது; முப்பது பேருக்கும் ஒளி திருப்பும் சட்டை. கூட்டத்தில் எல்லோரும் சிமிட்டவிட்டால் பின்னால் ஓட்டுகிறவனுக்குத் தலை சுற்றும். கடைசி இரண்டு பேர் மட்டும் கூடுதலாக ஒரு சிமிட்டும் விளக்கு வைத்துக்கொள்ளலாம். வண்டி பஞ்சராகி நின்றாலும், டிரைவர் வழி தவறினாலும் இந்த விளக்குகள் அவரவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும். ஒரு விளக்கு நானூறு ஐந்நூறு ரூபாய். கூரை விளக்கு வாங்குகிற பணத்தில் எட்டுப் பேருக்கு வாங்கிவிடலாம்.

கேள்வி: என் மகள் அடுத்த மாதம் 200 கிலோமீட்டர் பிஆர்எம் ஓட்டப் போகிறாள். அதிகாலையில் தனியாகப் போவாளே என்று பயமாக இருக்கிறது. நானும் அவள் அப்பாவும் காரில் ஹசார்டு போட்டுக்கொண்டு பின்னாலேயே போகலாமா? அவள் வேண்டாம் என்று சண்டை போடுகிறாள்.
(மாட்டுங்கா வாசகி)

பதில்: அம்மா, இந்தச் சண்டையில் உங்கள் மகள் பக்கம்தான் நியாயம். பிஆர்எம் என்பதே தன்னைத் தானே பார்த்துக்கொண்டு ஓட்டும் நெடுந்தூரச் சைக்கிள் பயணம். பின்தொடரும் வண்டி அதன் விதிப்படி கூடாது. உதவி வேண்டுமானால் வழியில் இருக்கும் கட்டுப்பாட்டு நிலையங்களில் மட்டும்தான். நீங்கள் பின்னாலேயே போனது தெரிந்தால் அவள் ஓட்டிய ஓட்டம் கணக்கில் வராமல் போகக்கூடும். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம் கொடுப்பார்கள். பயிற்சி செய்தவர்களுக்கு அது தாராளம். இருட்டில் ஓட்டும்போது முன்விளக்கு, நிலையாக எரியும் பின்விளக்கு, ஒளி திருப்பும் சட்டை மூன்றும் கட்டாயம் என்பதால் அந்தக் கவலையையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். மாற்று பேட்டரி எடுத்துக்கொண்டாளா என்று மட்டும் கேளுங்கள்.

வீட்டில் உட்கார்ந்திருக்க மனசு கேட்காது என்றால், அவள் திரும்புகிற நிலையம் எது என்று கேட்டு வேறு வழியாக முன்கூட்டியே போய்விடுங்கள். தயிர்சாதமும் மாவடுவும் எடுத்துப் போங்கள், உப்பு கொஞ்சம் தூக்கலாக. கூடவே ஓட்டுகிற நாலைந்து பேரும் கேட்பார்கள், அதற்கும் சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள்.